டாக்டர் நஸீமா விழுங்கிய மாத்திரைகள்

வாணியம்பாடியில் நடந்த மரணம், திருப்பத்தூரில் இருக்கும் எனக்கு மலையிலிருந்து தெரிய வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அன்று செய்முறைத் தேர்வு. மலைமேல் புதூர்நாட்டிலிருந்து செல்வி கூப்பிட்டார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கிளினிக்கின் சாவியை வைத்திருப்பவர் அவர்தான். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

“டீச்சரம்மா, டாக்டரம்மா பூட்டாங்களாம்.”

“நெஞ்சு வலியா?” என்று கேட்டேன்.

“வலியே இல்லியாம். காத்தால எழுந்தாங்களாம். களைப்பா கீதுன்னு திரும்பப் படுத்துக்கினாங்களாம். அவ்ளோதான்.” கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, “இங்க எல்லாரும் கேக்கறாங்க டீச்சரம்மா. அவ்ளோ மாத்தர துன்னவங்களுக்கே இப்டின்னா, நாம இன்னாத்துக்குத் துன்றதுன்னு. நான் இன்னா சொல்லட்டும்?”

பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாணவிகள் சோதனைக் குழாய்களோடு காத்திருந்தார்கள். தேர்வை முடித்து, மதிப்பெண்களைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். துக்கத்தைவிடச் செல்வியின் கேள்விதான் பேருந்தில் என்னோடு வாணியம்பாடி வரை வந்தது. ஒரு மருத்துவர் இறந்தால் அவர் கொடுத்த மருந்தின் மேல் இருந்த நம்பிக்கையும் கூடவே போய்விடுமா? போனால், மலையில் இன்னும் சிலர் போவார்கள்.

நஸீமாவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பொது மருத்துவர். வார நாட்களில் ஊரில் கிளினிக், ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் புதூர்நாடு. அங்கே பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். நான் உயிர்வேதியியல் கற்பிப்பவள். மருத்துவ முகாம்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வருவார்கள், ரத்தம் எடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பேனரைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நஸீமாவிடம் பேனர் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதனால் நானும் போனேன், சர்க்கரை அளவு பார்த்துக் கொடுப்பதற்கு. அப்படிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

அவரோடு சண்டை போடுவதற்கு ஜீப்தான் இடம். முதல் வளைவு திரும்பியதுமே ஆரம்பிப்பார்.

“ப்ரொபசர், சர்க்கரைக்காரன் எதுல சாவறான்?”

“பல காரணம் இருக்கு.”

“பல காரணம் இல்ல. முக்காவாசி பேரு நெஞ்சுல சாவறான். ஆனா அவனைக் கேட்டுப் பாருங்க. காலை எடுத்துடுவாங்களான்னு கேப்பான். கண்ணு போயிடுமான்னு கேப்பான். நெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டான். சர்க்கரையும் நெஞ்சுநோவும் ஒரே வூட்டு அண்ணன் தம்பி. ஒருத்தனைத் தேடிப் போனா இன்னொருத்தன்தான் கதவைத் தொறப்பான்.”

முக்கால்வாசி என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் இதயநோய் வருவதில்லை என்பேன். ரத்தக்குழாயின் உட்சுவரில் மிகுதியான சர்க்கரை என்ன செய்கிறது, கொழுப்பு எப்படிப் படிகிறது, நரம்பு எப்படி மரத்துப்போகிறது என்பதையெல்லாம் நான் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவேன். ஒவ்வொரு வரிக்கும் ஓர் ‘ஆனால்’ உண்டு. அவர் கையை வீசுவார். “உங்க ஆனாலுங்களை எல்லாம் அடிவாரத்துலயே எறக்கி வச்சுட்டு வாங்க. ஜீப்புல எடம் இல்ல.”

எனக்கு அவருடைய அவசரம் பிடிக்காது. நோயாளிகளைக் கடுமையாகத் திட்டுவார். கல்யாண வீட்டில் அல்வாவைக் கண்டால் மருத்துவர் என்பதை மறந்துவிடுவார். மறுநாள் என்னிடம் விரலை நீட்டி, “குத்துங்க, திட்டாதீங்க” என்பார். மகான் என்று எழுதத் தோன்றும் நேரத்தில் இதையும் எழுதி வைப்பது நல்லது.

ஆனால் கேள்வி கேட்பதில் அவருக்கு நிகரான மருத்துவரை நான் பார்த்ததில்லை. அலமேலுவை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

அலமேலுவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். சாமை போடுகிற குடும்பம். சாமையைக் கீழே விற்றுவிட்டு ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நெஞ்சு வலிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, “எனக்கு எதுவும் வலிக்காது, மத்தவங்களுக்குத்தான் என்னால வலிக்கும்” என்றார். அறையே சிரித்தது. நஸீமா சிரிக்கவில்லை.

“அலமேலு, வூட்டுக்குப் போற மேட்டுல எங்க நின்னு மூச்சு வாங்குவே?”

“நாவமரத்துகிட்ட.”

“போன வாரம் எங்க நின்னே?”

அலமேலு யோசித்தார். “கீழ பாலத்துகிட்டயே நின்னுட்டேன். தலையில செமை இருந்துச்சு.”

“இந்த வாரம்?”

“செமை இல்ல. ஆனா பாலத்துகிட்டதான் நின்னேன்.” சொல்லும்போதே குரல் இறங்கியது.

மலையில் ஒவ்வொருவருக்கும் மேட்டில் நிற்கிற இடம் ஒன்று உண்டு. நெடுநாள் மாறாது. அது கீழே இறங்கி வந்தால், உள்ளே ஏதோ குறைந்திருக்கிறது என்று பொருள். வலி பொய் சொல்லலாம், சர்க்கரை நரம்பை மரக்கச் செய்துவிட்டால் வலி வராமலேயே போகலாம். நிற்கிற இடம் பொய் சொல்லாது என்பது அவர் கண்டுகொண்ட வழி. அன்றே ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூருக்கு அனுப்பினார். இசிஜியில் பழைய மாரடைப்பின் தழும்பு தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அதைச் சொன்னதும், “எனக்கா? எப்போ?” என்று கேட்டார் அலமேலு. தன் வீட்டில் யாரோ வந்து தங்கிவிட்டுச் சொல்லாமல் போனது போன்ற கோபம் அந்தக் கேள்வியில் இருந்தது. பிறகு அவரே நினைவுபடுத்திச் சொன்னார். களை எடுக்கும்போது ஒரு நாள் வியர்த்துக் கொட்டி வாந்தி வந்திருக்கிறது. பித்தம் என்று சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சக் களையையும் எடுத்து முடித்திருக்கிறார்.

நஸீமா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கதையைச் சொன்னார். நானும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நாற்பதைக் கடந்த வயதில், தம்பி மகள் நிக்காஹுக்கு முந்தின நாள், சமையல் நடந்த இடத்தில் நின்றிருந்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது. தாடை லேசாக இழுத்திருக்கிறது. பிரியாணித் தேக்சா ஏற்றிய அடுப்பின் சூடு என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு பந்தி பரிமாறப் போயிருக்கிறார். சில வாரம் கழித்துப் பித்தப்பை அறுவைக்கு இசிஜி எடுத்தபோது தழும்பு தெரிந்திருக்கிறது.

“படிச்ச டாக்டரு நான் அடுப்பு சூடுன்னேன். நீ பித்தம்னே. ரெண்டு பேரும் ஒரே கிளாசு” என்றார் அலமேலுவிடம்.

கண்டுபிடிப்பதைவிடக் கடினமான வேலை அதற்குப் பிறகுதான். சர்க்கரை மாத்திரையை மலையில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டால் மெஷினில் எண் இறங்குகிறது, கண்ணால் பார்க்கிறார்கள். இதயத்துக்கான மாத்திரைகள் அப்படி எதையும் காட்டுவதில்லை. கொழுப்பைக் குறைப்பது ஒன்று, ரத்தம் உறையாமல் பார்ப்பது ஒன்று. சாப்பிட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. வலிக்காத நெஞ்சுக்கு எதற்கு மாத்திரை என்று சில வாரங்களில் நிறுத்திவிடுவார்கள். கேட்டால், “வச்சிருக்கேன், வலி வந்தா போட்டுக்கறேன்” என்பார்கள்.

நஸீமா அதற்கு ஒரு வழி செய்தார். ஞாயிறு காலை எல்லோரும் கஞ்சி குடித்துவிட்டுத் தங்கள் மாத்திரையோடு வர வேண்டும். செல்வி தண்ணீர் ஊற்றுவார். நஸீமா தன் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார். “பிஸ்மில்லா” என்பார். அலமேலு “முருகா” என்பார். வெள்ளையன் என்று ஒரு பெரியவர், “சாமிங்க எல்லாம் வந்தாச்சா, முழுங்கலாமா?” என்று கேட்பார். எல்லோரும் சேர்ந்து விழுங்குவார்கள். மற்ற நாட்களில் இதே நேரத்துக்கு நான் வீட்டில் விழுங்குகிறேன், நீங்கள் உங்கள் வீட்டில் விழுங்குங்கள் என்பது உடன்பாடு. விழுங்கினார்கள். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அரிதாகிவிட்டார்கள்.

“என்னைப் பாருங்க. இதைத் துன்றேன், நல்லா கீறேன். துன்னா ஒண்ணும் ஆவாது” என்பார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்கள் பெரிய சண்டை.

“ஒரே ஒரு ஆளை வச்சு ஒரு மருந்தை நிரூபிக்க முடியாது, டாக்டர்,” என்று இறங்கும்போது சொன்னேன். “நீங்க நல்லா இருக்கறதால மாத்திரை நல்லதுன்னு இவங்க நம்பறாங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா?”

“நீங்க உங்க புக்கைக் காட்டி ஒரே ஒரு ஆளை முழுங்க வைங்க. நான் இதை நிறுத்திக்கறேன்.”

புத்தகத்தைக் காட்டி யாரையும் என்னால் விழுங்க வைக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் வாதம் சரி என்பதும் இருவருக்கும் தெரியும்.

இறந்த அன்று அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க.” உறவுக்காரப் பெண் ஒருவர் என் காதருகே, “ஊருக்கெல்லாம் சொன்னாங்க, தனக்குப் பாத்துக்கத் தெரியலையே” என்றார்.

இதே வாக்கியத்தை அதற்குப் பிறகு பலர் சொல்லக் கேட்டேன். சுவையான முரண் என்று நினைத்துச் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் தன்னைப் பார்த்துக்கொண்டார். அல்வாவைத் தவிர. முப்பதுகளில் சர்க்கரை வந்தது. நாற்பதுகளில் இதயத்தில் தழும்பு விழுந்தது. பெண்களுக்கு இதயநோய் சற்றுத் தாமதமாக வரும் என்பார்கள்; சர்க்கரை வந்துவிட்டால் அந்தச் சலுகை பெரும்பாலும் பறிபோகும். இத்தனைக்கும் மேல் அறுபதைத் தாண்டி, ஞாயிறுதோறும் மலை ஏறிக்கொண்டிருந்தார். இது வெற்றியா தோல்வியா என்று சொல்ல எனக்கு வழியில்லை. மாத்திரை சாப்பிடாத இன்னொரு நஸீமா இருந்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். திருப்பத்தூரிலிருந்து வேறொரு மருத்துவர் மாதம் இருமுறை வரச் சம்மதித்திருந்தார். அவர் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. அறை நிறைய ஆட்கள். யார் கையிலும் மாத்திரை இல்லை.

“கூரையில சொருவி வச்சிட்டேன்” என்றார் அலமேலு. “கோச்சுக்காதீங்க டீச்சரம்மா. டாக்டரம்மா துன்னாங்க, பூட்டாங்க. நீங்க துன்னல, நல்லா கீறீங்க.”

“எனக்குச் சர்க்கரை இல்ல.”

“எங்களுக்கும்தான் இல்ல, நீங்க வந்து மெஷின்ல வக்கிற வரைக்கும்.”

சிரித்தார்கள். சாவு வீட்டுச் சிரிப்பு அது, நீளவில்லை. செல்வி என்னைப் பார்த்தார். போனில் கேட்ட கேள்வியோடுதான் பார்த்தார்.

“மாத்திரை சாப்பிட்டா சாவே வராதுன்னு டாக்டர் சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆவாதுன்னாங்க.”

சொல்லித்தான் இருந்தார். நானே கேட்டிருக்கிறேன். அவர் வார்த்தையைக் காப்பாற்றுவதா, அவர் நோயாளிகளைக் காப்பாற்றுவதா என்று வந்தபோது நான் அதிகம் யோசிக்கவில்லை.

“அவங்க சொன்னது தப்பு” என்றேன்.

வெள்ளையன் எழுந்துவிட்டார். “மண்ணு காயல. அதுக்குள்ள இப்டி பேசறீங்க. உங்களுக்கே அடுக்குமா?”

“அவங்க இருக்கும்போதும் இதைச் சொன்னேன் ஐயா. அவங்ககிட்டயேதான் சொன்னேன்.”

அவர் வெளியே போய்விட்டார். மற்றவர்கள் போகவில்லை. வாசலில் எங்கள் ஜீப் நின்றிருந்தது. அதன் கைப்பிரேக் எப்போதும் சரியாகப் பிடிக்காது. டிரைவர் சரிவில் நிறுத்தும்போதெல்லாம் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். அதைக் காட்டினேன்.

“சர்க்கரை வந்தவங்க நெஞ்சு சரிவுல நிக்கிற வண்டி. மாத்திரை அந்தக் கல்லு. கல்லு வச்சா சரிவு சமமாயிடாது. வண்டி உருளாம நிக்கும். என்னிக்காவது கல்லும் நழுவலாம். டாக்டருக்கு நழுவிடுச்சு. அதுக்காகக் கல்லே வைக்காம நிறுத்துவீங்களா?”

அலமேலு ஜீப்பைப் பார்த்தார். “எவ்ளோ நாளு நிக்கும்?”

“தெரியாது.”

“டாக்டரம்மா தெரியாதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.”

“எனக்குத் தெரியாது. கல்லை எடுத்துட்டா சீக்கிரம் உருளும். அது தெரியும்.”

“புளி உலுக்கற வரைக்கும் நிக்குமா? இந்த வருசம் காய்ப்பு நல்லா கீது. பசங்க மரம் ஏறுவானுங்க, கீழ நின்னு பொறுக்க ஆளு இல்ல.”

“நிக்கறதுக்கு வாய்ப்பு அதிகம்.”

“வாய்ப்பாம்!” என்று செல்வியின் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா சத்தியம் பண்ண மாட்டாங்க போல. கஞ்சத்தனத்தைப் பாரு.” பிறகு என்னிடம், “சரி. புளி உலுக்கற வரைக்கும் துன்றேன். அப்பறம் பேசிக்கலாம்.”

இந்த மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றுதான் பாடநூல் சொல்லும். நான் சரி என்றேன். இன்னும் சிலர் அலமேலுவைப் பார்த்து, அதே கெடுவுக்கு ஒப்புக்கொண்டார்கள். சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளையன் பல வாரம் கிளினிக் பக்கமே வரவில்லை. இப்போது வருகிறார், சர்க்கரை பார்த்துக்கொள்கிறார், மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. எல்லோரும் மனம் மாறினார்கள் என்று எழுத முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

நஸீமாவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். அவருடைய உறுதி எனக்கு வரவில்லை, இனி வராது. உள்ளங்கையில் மாத்திரையைக் காட்டி என்னைப் பாருங்கள் என்று சொல்கிற துணிச்சலும் எனக்கு இல்லை. இன்றைக்கும் அந்த முறை தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முறைதான் பல ஆண்டுகள் சிலரை மேடு ஏற வைத்தது என்பதையும் மறுக்க முடியவில்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளையும், அவர் விட்டுப்போன ஆட்களையும்தான். அவர்களிடம் எனக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். அது சில சமயம் போதுமானதாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அலமேலு வந்திருந்தார். புளி உலுக்கி முடித்து, தட்டி, கொட்டை எடுத்து, கீழே அனுப்பியும் ஆகிவிட்டது. விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பேசிய கெடு தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லக்கூடும் என்பதற்காக நான் சில வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். தீர்ந்துபோன அட்டை.

“வேற குடுங்க” என்றார். “இப்போ பலா வரைக்கும்.”

“பலாப்பழம் உங்களுக்கு ஆகாது. சர்க்கரை ஏறும்” என்றேன்.

“அய்ய, துன்றதுக்கா கேட்டேன்?” என்றார் அலமேலு. “நாளு வக்கிறதுக்கு.”